ராத்திரி வரமுன்னமே எழுதி முடிக்கிற கொப்பி

வணக்கம். ஸ்டூடியோவுக்கு வரேக்க கையில ஒரு கொப்பியும் ஒரு ரியூப் லைற் ஸ்டாட்டரும் கொண்டு வந்திருக்கிறன். ரேடியோவில காட்ட ஏலாது, எண்டாலும் லைற் போடேக்க மினுக் மினுக் எண்டு மின்னுற அந்தக் குட்டிச் சாமான் எல்லாருக்கும் தெரியும்தானே. அது ஏன் நட்சத்திரம் பாக்கிற ஆளிட்ட இருக்கு எண்டதைப் பேந்து சொல்லுறன்.

முதல்ல கொப்பி. வாற தைப்பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னம் வடமராட்சியில எங்கட வீட்டு முத்தத்தில பள்ளிக்கூடப் பிள்ளையள் அஞ்சு பேரோட ஒரு முழு ராத்திரி நட்சத்திரங்களின்ர திருசியம், அதாவது வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்ச படம், எடுக்கப் போறம். 20 சென்ரிமீற்றர் தொலைகாட்டி ஒண்டு, அதுக்குப் பின்னால வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிக்கிற ஒரு பெட்டி, அதுக்குப் பின்னால கமரா, அவ்வளவுதான். ஏ.எல். பௌதிகம் படிச்ச ஆக்களுக்கு லாப்பில சோடியம் விளக்கைப் போட்டு திருசியமானியைத் திருப்பித் திருப்பி அந்த மஞ்சள் கோட்டைப் பிடிச்சது ஞாபகம் இருக்கும், 589 நனோமீற்றர் எண்டு பாடமாக்கியும் இருப்பியள். அதே வேலைதான், விளக்குக்குப் பதிலா நட்சத்திரம். ஆனா விளக்கு லாப்பில அசையாம நிக்கும், நட்சத்திரம் நிக்காது, அது எழும்பி வந்து மேற்கில விழுந்து போடும், ஒருத்தருக்காகவும் பொறுக்காது. அதாலதான் எப்ப எதை எடுக்கிறது எண்டு முதலே எழுதி வச்ச இந்தக் கொப்பி.

தை மாதத்தில இங்க பொழுது படுறது ஆறு பத்து அளவில. சூரியன் மறைஞ்சவுடன இருட்டில்லை, அது அடிவானத்துக்குக் கீழ 18 பாகை இறங்கினாத்தான் வானம் முழுசாக் கறுக்கும், எங்கட ஊரில அதுக்கு ஒரு மணித்தியாலமும் பத்துப் பதினைஞ்சு நிமிசமும் எடுக்கும். ஏழு இருபதில தொடங்கி விடிய அஞ்சேகால் மட்டும், கிட்டத்தட்ட பத்து மணித்தியாலம். பத்து மணித்தியாலம் எண்டோண்ண பிள்ளையள் இருபது நட்சத்திரத்துக்கு லிஸ்ட் போட்டுக்கொண்டு வந்திச்சினம், அந்த ஆசையைப் பாக்கச் சந்தோசமாத்தான் இருந்தது, ஆனா நான் உக்காத்தி வச்சு மூண்டாக் குறைச்சுப் போட்டன்.

ஏனெண்டு சொல்லுறன், இதுதான் எனக்கு இண்டைக்கு முக்கியமாச் சொல்லவேண்டிய கதை. திருசியம் எண்டா ஒரு துளி வெளிச்சத்தை ஆயிரம் துண்டா வெட்டிப் பரப்புறது, ஒவ்வொரு துண்டுக்கும் கொஞ்சம்தான் மிஞ்சும். ஒரு துண்டில 10,000 ஒளித்துகள் விழுந்தா அதில இயல்பா வாற தளம்பல் அதின்ர வர்க்கமூலம், 100. அப்ப நூறில ஒரு பங்கு துல்லியம். அதை ரெண்டு மடங்கு நல்லாக்கோணுமெண்டா ரெண்டு மடங்கு நேரம் காணாது, நாலு மடங்கு வேணும். இருபது நிமிசத்தில கிடைச்சதை ரெண்டு மடங்கு தெளிவா எடுக்க எண்பது நிமிசம். இந்தக் கணக்கைப் பகலில வீட்டில இருந்து செய்யாட்டி ராத்திரி பன்ரெண்டு மணிக்குக் குளிருக்க நிண்டுகொண்டு செய்ய மூளை ஓடாது. அதோட ஒவ்வொரு முறையும் தொலைகாட்டியைத் திருப்பி, நட்சத்திரத்தைப் பெட்டி வாசலில இருக்கிற தலைமயிர் அளவு வெடிப்புக்க கொண்டுவந்து வைக்கவே பத்து நிமிசம் போயிடும். அந்தப் பத்து நிமிசத்தையும் கொப்பியில எழுதோணும்.

சரி, எந்த மூண்டு? முதலாவது கசியோப்பியா எண்ட நட்சத்திரக் கூட்டத்தில நடுவில நிக்கிற காமா எண்ட நட்சத்திரம். வழமையா நட்சத்திரத்தின்ர திருசியத்தில ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய இடத்தில கறுப்புக் கோடு விடும். 1866இல அஞ்சலோ செக்கி எண்ட பாதிரியார் இதில ஐதரசன்ர கோடு கறுப்பா இல்லாம பிரகாசமாத் தெரியிறதைக் கண்டவர், அப்பிடிக் கண்டுபிடிச்ச முதல் நட்சத்திரம் இதுதான். வேகமாச் சுழண்டு தன்னைச் சுத்தி வாயுத் தட்டு ஒண்டை வச்சிருக்கு, அந்தத் தட்டுத்தான் மின்னுது. 656.3 நனோமீற்றரில சிவப்புக் கோடு மேல எழும்பி நிக்கிறதைப் பாத்தா பிள்ளையள் வாழ்நாளுக்கும் மறக்காதுகள். ஆனா இது வடக்கு நட்சத்திரம், தையில இருட்டேக்கயே சரியத் தொடங்கியிடும், ஏழு இருபதுக்கு 35 பாகை உயரம், ஒன்பது மணிக்கு 26 தான். தலைக்கு மேல நிக்கிற நட்சத்திரத்தின்ர வெளிச்சம் கடக்கிற காத்து ஒரு பங்கெண்டா 30 பாகை உயரத்தில ரெண்டு பங்கு. காத்து வெளிச்சத்தைக் குடிக்கிறது மட்டுமில்லை, நீலத்தையும் சிவப்பையும் கொஞ்சம் விலத்தியும் விடும், அப்ப சிவப்பு வெடிப்புக்க போக நீலம் வெளிய நிண்டிடும். அதால இது முதல் வேலை, சாப்பாடெல்லாம் பிறகு.

ரெண்டாவது எங்கட திருவாதிரை, பெட்டல்ஜூஸ். 2020 மாசி மாதத்தில வழமையான வெளிச்சத்தில மூண்டில ஒரு பங்கு அளவுக்கு மங்கிப் போச்சு, வெடிக்கப் போகுது எண்டு எல்லாரும் கதைச்ச நேரம். பிறகுதான் அது கக்கின பொருள் குளிர்ந்து தூசாகி மறைச்சது எண்டு விளங்கினது. அதின்ர திருசியத்தில தைத்தேனியம் ஒட்சைட்டின்ர பட்டைகள் படிக்கட்டு மாதிரி இறங்கும், குளிரான நட்சத்திரத்திலதான் அப்பிடி மூலக்கூறுகள் உடையாம மிஞ்சும். பத்தரை மணியளவில உச்சிக்கு வரும், எங்கட தலைக்கு நேரா மேல எண்டே சொல்லலாம். ஆனா எங்கட மாதிரித் தொலைகாட்டித் தாங்கியில உச்சி கடக்கேக்க தொலைகாட்டியை மற்றப் பக்கம் புரட்டோணும், அந்த நேரத்தில ஒண்டும் எடுக்க ஏலாது. அதால ஒன்பதரைக்கு எடுத்து முடிப்பம், சாப்பிடுவம், பதினொண்டுக்குத் திரும்ப. நல்ல வெளிச்சமான நட்சத்திரம், கனநேரம் திறந்து வச்சா கமரா நிரம்பி வழிஞ்சிடும், சின்னச் சின்னதாக் கனக்க எடுத்துக் கூட்டுறதுதான் சரி.

அதே உயரத்தில பக்கத்தில நிக்கிற ஒரு சூடான வெள்ளை நட்சத்திரத்தையும் எடுக்கோணும், பெலற்றிக்ஸ் காணும். அதில ஏற்கனவே கோடுகள் குறைவு, ஆகவே காத்தின்ர கோடுகள் தனியாத் தெரியும். 760 நனோமீற்றரில வாற பெரிய பட்டை எங்கட மேல இருக்கிற ஒட்சிசன், ஐதரசன் கோட்டைச் சுத்தி நிக்கிற மெல்லிய கோடுகள் நீராவி, கடல் சுத்தின ஊரில அதுக்குக் குறைவே இல்லை. இதை எடுக்காட்டி எங்கட காத்தை நட்சத்திரத்தின்ர கணக்கில எழுதிப்போடுவம்.

மூண்டாவது சித்திரை, ஸ்பைக்கா. விடியப்புறம் நாலு மணிக்கு நல்லா மேல வந்திடும். கண்ணுக்கு ஒண்டு, உண்மையில ரெண்டு, நாலு நாளுக்கு ஒருக்கா ஒண்டையொண்டு சுத்துதுகள். 1890இல ஃபோகல் எண்ட ஜேர்மன்காரர் நட்சத்திரம் எங்களிட்ட வரேக்க கோடு நீலப் பக்கமும் விலகிப் போகேக்க சிவப்புப் பக்கமும் அசையிறதை வச்சுத்தான் கண்டுபிடிச்சவர். அசைவு அளக்கிற வேலை, இங்கதான் ஸ்டாட்டர் வருது.

படத்தில கோடு எந்த இடத்தில விழுந்தது எண்டு தெரியும், அந்த இடம் எத்தினை நனோமீற்றர் எண்டு படம் சொல்லாது. அதைச் சொல்ல ஏற்கனவே அலைநீளம் தெரிஞ்ச ஒரு விளக்கு வேணும். பெரிய நிலையங்களில தோரியம் ஆகன் விளக்கு, எங்களுக்கு இந்த ஸ்டாட்டர், சிலதுக்குள்ள நியோன், ஆகன் வாயு இருக்கு, அதுகளின்ர கோடுகள் அட்டவணையில இருக்கு. எங்கட கமராவில ஒரு புள்ளி 0.05 நனோமீற்றர், சிவப்பில அது வினாடிக்கு 23 கிலோமீற்றர் வேகத்துக்குச் சமன். நான் படிக்கிற காலத்தில ஒரு நிலையத்தில ராத்திரி முழுக்க ஒரு இரட்டை நட்சத்திரத்தை எடுத்தன், பின்னேரம் மட்டும் விளக்குப் படம் எடுத்திட்டு, இனி நேரத்தை வீணாக்கக் கூடாது எண்டு நட்சத்திரத்திலயே நிண்டன். விடிய விடிய குளிர இரும்பு சுருங்கி எல்லாக் கோடும் ஒரு புள்ளியளவு நகந்து போச்சு. எது நட்சத்திரத்தின்ர அசைவு, எது இரும்பின்ர அசைவு எண்டு பிரிக்க வழியே இல்லை, ஒரு ராத்திரியின்ர வெளிச்சம் முழுக்கப் போச்சு. அண்டைக்கு அழுதனான். அதால எங்கட கொப்பியில ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முன்னால ஒரு விளக்கு, பின்னால ஒரு விளக்கு, சிவப்பு மையால எழுதிக் கிடக்கு. நேரம் காணாட்டி நட்சத்திரத்தை வெட்டுவம், விளக்கை வெட்ட மாட்டம்.

முகில் வந்தா? தையில மழை ஓய்ஞ்சாலும் முகில் துண்டுகள் வந்து போகும், அதுக்கும் கொப்பியில ஒரு பக்கம் இருக்கு, ரெண்டு நிமிச இடைவெளியிலயும் பிடிக்கக்கூடிய பிரகாசமான நட்சத்திரங்கள், கிழக்கு, உச்சி, மேற்கு எண்டு பிரிச்சு. பனிதான் பெரிய கரைச்சல், கண்ணாடியில தண்ணி பிடிச்சிடும், அதுக்கு ஒரு சூடாக்கிற பட்டியும் தனி பற்றறியும்.

இன்னொண்டு, அயலட்டையிட்டச் சொல்லி வைக்கோணும். தொண்ணூறுகளில கரண்ட் இல்லாம ஜாம் போத்தல் விளக்கோட படிச்ச ஆள் நான், அப்ப முத்தத்தில நிண்டா பால்வீதி பனை வட்டுக்கு மேலால தெளிவாத் தெரியும். அந்தக் கஷ்டம் ஒருத்தருக்கும் திரும்ப வேண்டாம், கரண்ட் வேணும். ஆனா பழைய மஞ்சள் தெருவிளக்கு எங்கட படத்தில பெரும்பாலும் அந்த 589ஐச் சுத்தித்தான் விழும், புது வெள்ளை எல்.ஈ.டி. எல்லா நிறத்திலயும் பரவி விழும், கழிக்கிறது கஷ்டம். அதால பக்கத்து வீட்டு அக்காட்ட கேட்டனான், அந்த ஒரு ராத்திரிக்கு கேற் லைற்றை நிப்பாட்டி விடுங்கோ எண்டு. அவ சொன்னா, நிப்பாட்டுறன், ஆனா விடிய நாலு மணிக்கு என்னையும் எழுப்பு, நானும் சித்திரையைப் பாக்கோணும். கொப்பியில மூண்டு அம்பத்தஞ்சுக்கு எழுதி வச்சிருக்கிறன்: விளக்குப் படம் எடுக்கமுன்னம் அக்காவை எழுப்பு.