கோணேசர் கோவிலை அண்டார்டிக்காவுக்கு அனுப்பும் ஒரே சொல்! முப்பரிமாண நில அதிர்வுத் தரவை வரைபடத்தில் உட்கார வைப்பது எப்படி?

[திரையில்: திருகோணமலை வரைபடம். சுவாமி மலையின் உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி.]

வணக்கம் நேயர்களே. இந்தச் சிவப்புப் புள்ளி கோணேசர் கோவில். இப்போது மென்பொருளில் "வடக்கு" என்ற தெரிவை எடுத்துவிட்டு "தெற்கு" என்று வைக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை.

[திரையில்: வரைபடம் தெற்கே ஓடி ஓடி வெள்ளைப் பனியில் நிற்கிறது.]

கோவில் அண்டார்டிக்காவில் நிற்கிறது. மென்பொருள் ஓர் எச்சரிக்கை கூடத் தரவில்லை. கோவிலருகே பாறைப் பிளவாக இருக்கும் இராவணன் வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் கம்பளியோடு வரட்டும்.

நாம் பேசப்போவது கோவிலைப் பற்றி அல்ல. கடலுக்கு அடியில் இருக்கும் பாறை அடுக்குகளை ஒலி அலை அனுப்பிப் பதிவு செய்கிறார்களே, அந்த முப்பரிமாண நில அதிர்வுத் தரவைப் பற்றி. மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கிடைத்த கிணறுகளுக்கு இடம் குறித்ததும் இத்தகைய தரவுதான். அந்தத் தரவை மென்பொருளுக்குள் இறக்கும்போது "இது பூமியில் எந்த இடம்?" என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் பாறை அடுக்குகள் என்னவோ அழகாகத்தான் தெரியும். இடம் மட்டும் பொய்.

பின்னணியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். தரவு வருவது செக்-வை என்ற கோப்பில். 1975இல் வெளியான வடிவம் அது. முதலில் 3200 பைட் உரை, பிறகு 400 பைட் எண்கள், அதன்பின் ஒவ்வொரு அலைப்பதிவுக்கும் (ஒரு புள்ளியில் திரும்பி வந்த ஒலியின் பதிவு) 240 பைட் தலைப்பு. அவ்வளவுதான், முடிந்தது.

இல்லை, அந்த 3200 பைட் உரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 40 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். துளை அட்டைக் காலத்தின் மிச்சம் அது. அதைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருமே ஒரு சுழி, அது திரை முழுக்க வரிவரியாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பழைய ஐபிஎம் எழுத்துக் குறியீட்டில் வெற்றிடத்துக்கு உரிய எண்ணும், இன்றைய குறியீட்டில் அந்தச் சுழிக்கு உரிய எண்ணும் ஒன்றே. அத்தனை சுழியும் வெறும் இடைவெளிகள். குறியீட்டை மாற்றிப் படித்தால், எந்த வலயம், எந்த அளவுமுறை (பூமியின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது), எந்தப் பைட்டில் ஆள்கூறு (இடத்தைச் சொல்லும் எண்) என்று தரவைத் தயாரித்தவர் எழுதி வைத்திருப்பது தெரியும். இதைப் படிக்காமல் இறக்குமதிப் பொத்தானை அழுத்துகிறவர்களை என்ன சொல்வது? மருந்துச் சீட்டைப் பார்க்காமல் மாத்திரையை விழுங்குகிறவர்கள் அவர்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். தரவுக்குள் ஒவ்வொரு அலைப்பதிவுக்கும் இரண்டு எண்கள் உண்டு: இன்லைன், கிராஸ்லைன். எத்தனையாவது வரிசை, அந்த வரிசையில் எத்தனையாவது புள்ளி என்பதை மட்டுமே அவை சொல்லும். வரிசை எந்தக் கடலில் இருக்கிறது என்பதைச் சொல்வது ஆள்கூறு. 2002இல் வந்த திருத்தப் பதிப்பு ஆள்கூறுகளுக்கு 181, 185 என்ற பைட்களையும், இன்லைன் கிராஸ்லைன் எண்களுக்கு 189, 193 என்ற பைட்களையும் ஒதுக்கியது. அதற்கு முன்னே தயாரான கோப்புகளில் அவரவர் விரும்பிய இடத்தில் எழுதி வைத்தார்கள். ஆகவே மென்பொருள் "எந்தப் பைட்?" என்று கேட்கும்போது, அது காட்டும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இனி, நான் இந்த வீடியோவை எடுத்ததற்கே காரணமான பகுதி. கோணேசர் கோவிலை உலகம் சுற்ற அனுப்புவோம்.

[திரையில்: யூடிஎம் வலயம் 44 வடக்கு. கிழக்கு 527,000. வடக்கு 949,000.]

யூடிஎம் முறை பூமியை 60 வலயங்களாகப் பிரிக்கிறது. இலங்கை 44ஆம் வலயத்தில் இருக்கிறது. அதன் நடுக்கோடு 81 பாகைக் கிழக்கு நெட்டாங்கு. அந்தக் கோட்டுக்கு 500,000 மீட்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோவில் அதிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் கிழக்கே, எனவே 527,000. மத்திய கோட்டிலிருந்து, அதாவது பூமத்திய ரேகையிலிருந்து, 949 கிலோமீட்டர் வடக்கே, எனவே 949,000.

வலயத்தை 43 என்று மாற்றுங்கள். கோவில் ஆறு பாகை மேற்கே நகர்ந்து, திருவனந்தபுரத்துக்கு மேற்கே அரபிக்கடலில் மிதக்கும். திருகோணமலையும் திருவனந்தபுரமும் கிட்டத்தட்ட ஒரே அகலாங்கில் இருக்கின்றன என்பதை இப்படியாவது தெரிந்துகொள்ளலாம்.

கிழக்கையும் வடக்கையும் மாற்றிப் போடுங்கள். இலங்கைக்குத் தென்கிழக்கே நடுக்கடல்.

இலங்கையின் சொந்த ஆள்கூற்றுக் கட்டமான எஸ்எல்டி 99இல் உள்ள எண்களை யூடிஎம் என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கட்டம் பிதுருதலாகல மலையை 500,000, 500,000 என்று வைத்துத் தொடங்குகிறது. கோவிலின் கிழக்கு எண் 552,000 அளவில் வரும். பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் புள்ளி யால வனத்தின் கரைக்கு அப்பால் போய் விழும். இதுதான் எனக்குப் பிடித்த பொய், ஏனென்றால் பாதி உண்மை.

இப்போது அண்டார்டிக்கா. தெற்கு அரைக்கோளத்தில் எண்கள் எதிர்மறையாக வரக்கூடாது என்பதற்காக மத்திய கோட்டுக்கே 10,000,000 மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். ஆகவே "தெற்கு" என்றவுடன் 949,000 என்பது மத்திய கோட்டுக்குத் தெற்கே 9,051 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. அந்த இடம் தென்துருவத்துக்கு எவ்வளவு தூரம் தெரியுமா? சுமார் 950 கிலோமீட்டர். கோவில் மத்திய கோட்டுக்கு எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரம்! தற்செயல் இல்லை. 1790களில் பிரான்சில் மீட்டரை வரையறுத்தபோது, துருவத்திலிருந்து மத்திய கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றுதான் வரையறுத்தார்கள். அந்தப் பழைய ஒரு கோடி இன்றைக்கு நம் மென்பொருளில் வந்து கோவிலைப் பனியில் நிறுத்துகிறது. இந்த ஓர் இடத்துக்காகவாவது விருப்பக் குறியை அழுத்துங்கள்.

கவனித்தீர்களா? அண்டார்டிக்காவைத் தவிர மற்ற எல்லாத் தவறும் கடலில் விழுந்தது. கடல் அளவீட்டுத் தரவு கடலில் விழுந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அடுத்தது அளவுக் காரணி. 71ஆம் பைட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன எண். அலைப்பதிவின் தலைப்பில் இந்த ஆள்கூறுகள் முழு எண்களாகவே இருக்கும். சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமானால் நூறால் பெருக்கி எழுதிவிட்டு, "படிக்கும்போது நூறால் வகு" என்பதற்கு அடையாளமாக −100 என்று குறிப்பார்கள். அந்தக் குறிப்பு விடுபட்டால் 540,000 மீட்டர் என்பது 54,000 கிலோமீட்டர் ஆகும். பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்தான்! இது நல்ல தவறு, கண்ணில் குத்தும். ஏற்கெனவே வகுத்த எண்ணை இன்னொரு முறை வகுத்தால் தரவு மத்திய கோட்டின் அருகே சுருங்கிக் கிடக்கும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே 25 மீட்டர் வரவேண்டிய இடத்தில் 25 சென்டிமீட்டர் என்று வந்தால் நோய் இதுதான்.

இலங்கையின் பழைய கண்டவல அளவுமுறை பற்றி ஒரே வாக்கியம்: அதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று எடுத்துக்கொண்டால் தரவு இருநூறு மீட்டருக்கும் மேல் நகரும், கொட்டியார்க் குடாவிலிருந்து இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவரில் அது சிறிய தூரம் இல்லை.

இவ்வளவையும் எப்படிச் சரிபார்ப்பது? மூலைகளைப் பிடியுங்கள். தம்பலகாமத்து வயலில் வரிசை நடவு செய்திருக்கிறார்கள் என்று வையுங்கள். வரிசை இடைவெளியும் நாற்று இடைவெளியும் மாறாதவை. ஒரு வரிசையின் இரண்டு முனைகள் தெரிந்தால் வயல் எங்கே, எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பது தெரியும். ஆனால் அடுத்த வரிசை அந்த வரிசைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா? அது தெரியாது. மூன்றாவது மூலை சொன்னால்தான் தெரியும். அது தவறினால் தரவு கண்ணாடியில் பார்த்ததுபோல் புரண்டுவிடும், கிழக்கே சரியும் அடுக்கு மேற்கே சரியும்.

[திரையில்: நிலாவெளிக்கு அப்பால் கடலில், பயிற்சிக்காக வரைந்த ஒரு சாய்ந்த சதுரம்.]

இது நான் கற்பனையாகப் போட்ட சதுரம், யாரும் எண்ணெய் தேடிப் படகை எடுக்க வேண்டாம். இன்லைன் 1000 முதல் 1400 வரை, 25 மீட்டர் இடைவெளி. கிராஸ்லைன் 2000 முதல் 2800 வரை, 12.5 மீட்டர் இடைவெளி. முதல் மூலை 540,000, 960,000. முதல் இன்லைனின் மறுமுனை 548,000, 966,000. கடைசி இன்லைனின் தொடக்கம் 534,000, 968,000. மூன்றையும் கொடுத்தாயிற்று. நான்காவதைக் கொடுக்காதீர்கள், கணக்கிடுங்கள்: இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டி முதலாவதைக் கழித்தால் 542,000, 974,000. இப்போது கோப்பில் இன்லைன் 1400, கிராஸ்லைன் 2800 உள்ள அலைப்பதிவின் தலைப்பைத் திறந்து, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்தால் பைட், அளவுக் காரணி, எண்களின் வரிசை எல்லாம் சேர்ந்து பொருந்துகின்றன. வலயமும் அளவுமுறையும் இதில் பிடிபடாது. அவற்றுக்குக் கரையோர வரைபடத்தை அடியில் விரித்து, உரைத் தலைப்பில் எழுதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

பயிற்சிக்கு நெதர்லாந்தின் வடகடலில் எடுத்த எஃப்3 தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஓபன்டெக்ட் என்ற மென்பொருளும் இலவசம். அந்தத் தரவு 31ஆம் வலயத்துக்கு உரியது. 44 என்று பழக்கத்தில் தட்டிவிடாதீர்கள். மூன்று மூலைகளைக் கொடுத்துவிட்டு, உங்கள் நான்காவது மூலை கோப்பிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி விழுந்தது என்று கீழே எழுதுங்கள். அங்கே இரு திசையிலும் இடைவெளி 25 மீட்டர். பன்னிரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தால், இறக்குமதியை அழித்துவிட்டு உரைத் தலைப்பின் முதல் வரியிலிருந்து படியுங்கள்.