அகதியாக வந்தவர்கள் நமக்கு என்ன தந்தார்கள்? குடியாத்தம் தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வி நாலு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. "ஐயா, அகதிகளாக வந்தவர்களுக்கு அரிசி கொடுக்கிறோம், மாதாமாதம் பணம் கொடுக்கிறோம், இப்போது வீடும் கட்டித் தருகிறோம். அவர்கள் நமக்கு என்ன தந்தார்கள்?" இதுதான் கேள்வி. தம்பி குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

என் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்குகிறேன். பொங்கலுக்கு முன்னால் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்தார், வேலூர் பக்கம் மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர். கூடத்துச் சுவரில் ஓரிடம் ஓதம் ஏறிப் பொரிந்து போயிருந்தது. அதன் மேலேயே அடித்துவிடுங்கள், நேரமாகிறது என்றேன். அவர் கேட்கவே இல்லை. அந்த இடத்தைச் சுரண்டி, பட்டி வைத்து, காய விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சுவரைத் தடவினார். ஏன் கண்ணை மூடுகிறீர்கள் என்று கேட்டேன். "பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும் ஐயா, கைக்குத்தான் மேடு பள்ளம் தெரியும்" என்றார். வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை என்று இந்த வட்டாரத்தில் அந்தக் கை தடவாத தெருவே இல்லை போலிருக்கிறது. தம்பி, உங்கள் தெருவிலும் ஏதாவது ஒரு வீட்டில் கட்டாயம் இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

நம் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது தெரியும். ஊரை விட்டு ஓடி வருகிறவர் பெட்டி கொண்டு வர முடியாது, கைப்பழக்கமும் நாப்பழக்கமும் மட்டும் கூடவே வந்துவிடும். அதை யாராலும் வழியில் பிடுங்கிக்கொள்ள முடியாது.

பர்மாவிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். 1962-ல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், 1964-ல் கடைகளை எல்லாம் அரசே எடுத்துக்கொண்டது. மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறி மெட்ராஸில் வந்து இறங்கினார்கள். பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார் எப்படி வந்தது? அவர்கள் நடைபாதையில் கடை போட்டதால் வந்தது. அத்தோ சாப்பிட்டிருக்கிறீர்களா? நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றித் தருவார்கள். இன்றைக்கு அது சென்னைச் சாப்பாடு, யாரும் அதை வெளியூர்ச் சாப்பாடாக நினைப்பதில்லை.

அதே கூட்டத்தில் சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. பர்மாவுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று மணிப்பூர் எல்லை வரைக்கும் போனார்கள், அந்தப் பக்கம் விடவில்லை, மோரே என்கிற எல்லை ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அவர்கள் கட்டிய கோயில் எது தெரியுமா? அங்காள பரமேசுவரி! நம்ம மேல்மலையனூர் ஆத்தா. மயானக்கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் நிற்கிற நமக்கு இது எப்படி இருக்கிறது, சொல்லுங்கள். எனக்கு முதலில் கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. ஜெர்மனியில் ஹாம் என்கிற ஊரில் ஈழத்தமிழர் கட்டிய காமாட்சி அம்பாள் கோயிலும் அப்படித்தான். 2002-ல் குடமுழுக்கு நடந்தது, தேர்த் திருவிழாவுக்கு ஜெர்மானியர்களும் வந்து நிற்கிறார்கள்.

சரி, ஈழத்தவர்கள் நமக்கு என்ன தந்தார்கள் என்றுதானே கேள்வி. ஈழத் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, முகாம் மக்களே சேர்ந்து நடத்துவது. 2004-ல் சுனாமி வந்தபோது அதிலிருந்து ஆட்கள் நம் கடற்கரை மக்களிடம் போனார்கள், வீட்டை இழந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசி ஆறுதல் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் இழப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். தம்பி, அரிசி வாங்கிக்கொண்டவர்கள் திருப்பித் தந்தது இது.

என் வீட்டுக்காரம்மா சொதி வைக்கக் கற்றுக்கொண்டதுகூட அந்தப் பெயிண்டர் வீட்டம்மாவிடம்தான். முதல் தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றுவது, எலுமிச்சம்பழம் எப்போது பிழிவது என்று ஒரு நாள் முழுக்கப் போனில் கதைத்தார்கள். கதைத்தார்கள் என்றே சொல்கிறேன், எங்கள் வீட்டில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் தம்பி, நாலு நாள் யோசித்ததில் எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. வந்தவர் எத்தனை வருடம் கழித்து ஊர்க்காரர் ஆவார்?

அந்தப் பெயிண்டர் 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. ராமேசுவரம் பக்கம் மண்டபம் முகாமில் பதிவு, அப்புறம் இங்கே. அவருடைய அண்ணன் கனடாவுக்குப் போய்விட்டார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே மாதிரிக் கை. அண்ணன் அங்கே குடிமகன், வீடு வாங்கிவிட்டார், ஓட்டுப் போடுகிறார். தம்பிக்கு இங்கே முகாம் அட்டைதான், முகாமில் ஆள் கணக்கெடுக்கிற செக்கிங் இருக்கிற நாளில் வேலைக்கு வர முடியாது.

கனடா கதை முன்பே சொல்லியிருக்கிறேன், திரும்பவும் சொல்கிறேன், எனக்குப் பிடித்த கதை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில், பனிமூட்டத்துக்கு நடுவே, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்கிற மீனவர்தான் பார்த்தார், மற்றப் படகுகளையும் கூப்பிட்டுக் கரை சேர்த்தார். இவர்கள் யார், எந்த நாடு என்றெல்லாம் பிறகுதான். 1983-ல் சிறுவனாக அந்த நாட்டுக்குப் போன கரி ஆனந்தசங்கரி 2015-ல் நாடாளுமன்றத்துக்குப் போனார், 2023-ல் மத்திய அமைச்சர் ஆனார். கைப்பழக்கம் எல்லோரிடமும் இருந்தது. அங்கே காகிதமும் கூடவே கொடுத்தார்கள்.

நம் ஊரில் எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரையே மாற்றி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றது, புது வீடுகளுக்கு அந்த வருடம் நவம்பரில் மேல்மொணவூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற சட்டம் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு பிறந்தால் அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் இறுக்கிவிட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோது முகாமிலிருந்து ஒரு பெண் படித்தாள். கணக்கில் கெட்டி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி விண்ணப்பத்தை என் மேசையில் வைத்து நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் வேலூர், எல்லாம் முத்து முத்தாக எழுதிக்கொண்டே வந்தவள் குடியுரிமை என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சார், இதில என்ன எழுதட்டும்?" முப்பது வருடம் வாத்தியாராக இருந்திருக்கிறேன், எனக்குப் பதில் வரவில்லை. பென்சிலால் லேசாக ஏதோ எழுதச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றுவரைக்கும் உறுத்துகிறது.

அந்தப் பெண் படித்து முடித்தாள். இப்போது சாயங்காலம் தன் வீட்டு வாசலில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். முகாம் பிள்ளைகள் பாதி, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பாதி, ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். நானே போய்ப் பார்த்தேன். வகுத்தலில் மீதியை எங்கே எழுதுவது என்று ஒரு பொடியன் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

குடியாத்தம் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். சரி, அடுத்த கேள்வி ஆற்காட்டிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது, பாலாற்று மணலைப் பற்றி.