ஒரு ஒட்டு எவ்வளவு?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கையால் சைக்கிள் பிரேம் செய்கிற தொழிலைப் பற்றிக் கொஞ்சம் கதையுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கிளிநொச்சிப் பக்கம் இரும்பு ஒட்டுகிற கடை வைத்திருக்கிற என்னிடம் இதைக் கேட்டது எனக்கே புதினம்தான். என் கடைக்கு வருகிறவர்களின் முதல் கேள்வி, “அண்ணை, ஒரு ஒட்டு எவ்வளவு?” இரண்டாவது கேள்வி, “எத்தனை மணிக்கு எடுக்கலாம்?” பிரேம் என்று ஒரு சாமான் இருப்பதே அது முறிந்த பிறகுதான் பலருக்குத் தெரியும். சில்லு, செயின், சீற் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லி விலை கேட்பார்கள். அவை எல்லாம் எதில் பூட்டியிருக்கிறதோ அதை யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டில் இது வேறு மாதிரி. இங்கிலாந்து, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் ஒருவரோ இருவரோ இருந்து பிரேம் மட்டும் செய்கிற பட்டறைகள் இன்றைக்கும் இருக்கின்றன. போனால் முதலில் காலின் உட்பக்க நீளம், உடம்பு, கை எல்லாம் அளப்பார்கள். எந்த ரோட்டில் ஓடுவீர்கள், என்ன சுமப்பீர்கள் என்று விசாரிப்பார்கள். முற்பணம் வாங்கிக்கொண்டு வரிசையில் உங்கள் பெயரை எழுதுவார்கள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ரிச்சர்ட் சாக்ஸ் என்ற அமெரிக்கர் 1970களில் லண்டன் பட்டறை ஒன்றில் தொழில் பழகி, ஊர் திரும்பித் தன் பெயரிலேயே பிரேம் செய்தவர். ஒரு காலத்தில் அவரிடம் சொல்லிவைத்தவர்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஜப்பானில் 1948 முதல் நடக்கிற கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில், ஆண்களின் வழக்கமான ஓட்டங்களில், பந்தயச் சங்கம் அங்கீகரித்த கைவினைஞர்கள் செய்த இரும்புப் பிரேமில்தான் ஓட்டக்காரர் ஏறலாம். காபன் நாரில் பிரேம் வந்த பிறகும் அந்த விதியால் அங்கே பல பட்டறைகளில் நெருப்பு அணையவில்லை.

இதையெல்லாம் போனில் பார்த்துவிட்டு என் கடைப் பெடியன் கேட்டான்: “அண்ணை, அவை செய்யிறதைத்தானே நாங்களும் செய்யிறம்?” அரைவாசி உண்மைதான். நெருப்பு ஒன்று, பித்தளை ஒன்று, குழாயும் ஏறத்தாழ ஒன்று. மற்ற அரைவாசியைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு கதைக்கப் போகிறேன்.

முதலில் வேலை. 1885 இல் இங்கிலாந்தின் கொவன்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்ற சைக்கிளை வெளியிட்டார். இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சில்லுக்குச் செயின். அடுத்த சில வருடங்களுக்குள் பிரேமும் இன்று நாம் ஓடுகிற வடிவத்துக்கு வந்துவிட்டது. அதில் முன்னுக்கு ஒரு பெரிய கூடு, பின்னுக்கு ஒரு சோடி முக்கோணம். இருபதாம் நூற்றாண்டு முழுக்க ஆட்கள் அதைத் திருத்தப் பார்த்தார்கள், அது பெரிதாக அசையவில்லை. மாறியது குழாய்தான். பேர்மிங்ஹாமில் ரெனோல்ட்ஸ் கொம்பனி, முனையில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கிற குழாய்க்கு 1897 இல் காப்புரிமை எடுத்தது. 1935 இல் ‘531’ என்ற கலப்பு உருக்கைக் கொண்டுவந்தது. ஒட்டுப் படுகிற இடத்தில் பலம் வேண்டும், நடுவில் பாரம் குறைய வேண்டும். அந்தக் குழாயில் நடுத் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவுக்குக்கூட இறங்கும். நம்மூர் லுமாலாவோ பழைய ரலியோ அப்படி இல்லை, அவற்றின் குழாய் நன்றாகவே தடிப்பு. கிரவல் ரோட்டில் நெல்மூட்டை ஏற்றுகிற நமக்கு அது நல்லதுதான்.

குழாயை வாளால் வெட்டினால் போதாது. ஒரு குழாயின் முனை மற்றக் குழாயின் வளைவில் பிறை போலப் பொருந்தும் வரை அரத்தால் ராவ வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடையில் கீற்றுத் தெரியக் கூடாது. இடைவெளி இருந்தால் பித்தளை அதை நிரப்பும், நிரப்பிய இடம் ஒரு நாள் வெடிக்கும். அப்புறம் வெங்காரம், ஆசாரிமார் பாவிக்கிற அதே சாமான்தான். அதைப் பூசிச் சூடாக்கினால் கண்ணாடி போல உருகி இரும்பைக் காற்றுப் படாமல் மூடும். சுமார் 900 பாகை செல்சியசில் பித்தளைக் கம்பி உருகி, தானாகவே மூட்டுக்குள் இழுபட்டுப் போகும். அந்த நேரத்தில் இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் எல்லாம். சூடு கூடினால் இரும்பின் மணி பருத்துப் பலம் போய்விடும். பிரேம் முறிந்து வருகிறபோது பாருங்கள், ஒட்டு அப்படியே இருக்கும், அதற்குப் பக்கத்தில்தான் குழாய் முறிந்திருக்கும். யாரோ அவசரக்காரன் கூடச் சூடு காட்டியிருக்கிறான் என்று அர்த்தம். கேற் செய்கிற ஜிஐ பைப்பைக் கொண்டுவந்து, “இதிலை ஒரு பிரேம் செய்து தாங்கோ” என்கிறவர்களும் உண்டு. அதன் மேலுள்ள நாகப் பூச்சு எரிகிற புகை மூச்சில் போனால் இரவு காய்ச்சல் வரும். பாரமும் கூட. நான் செய்வதில்லை.

ஒட்டிய பிறகு நேர் பார்ப்பது. வெளிநாட்டுப் பட்டறைகளில் இதற்குச் சமதளமான பெரிய இரும்பு மேசை இருக்கும். என்னிடம் இருப்பது நூல். நீங்களும் வீட்டில் பார்க்கலாம். பின்சில்லைக் கழற்றுங்கள். அச்சுப் பூட்டுகிற ஒரு பக்கக் கவரில் நூலைக் கட்டி, ஹாண்டிலுக்குக் கீழே உள்ள கழுத்துக் குழாயைச் சுற்றி மறுபக்கக் கவருக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீற் குழாய்க்கும் நூலுக்கும் இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று அளவுகோலால் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பின்பக்கம் திருகியிருக்கிறது. சைக்கிள் ஒரு பக்கம் இழுக்குது, ரயர் ஒரு பக்கம் தேயுது என்று சில்லுக் கம்பியை முறுக்கிக்கொண்டே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், கோளாறு சில்லில் இல்லாமலும் இருக்கலாம்.

வன்னியில் இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்டால், தட்டுப்பாட்டால் வந்தது. 1990க்குப் பிறகு யுத்தத்தால் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கண்டி வீதி இல்லை. ஆஸ்பத்திரிக்கும் சைக்கிள், கலியாணத்துக்கும் சைக்கிள், விறகுக்கும் சைக்கிள். புதுப் பிரேம் வராத ஊரில் முறிந்ததைத் திருத்தித்தானே ஆக வேண்டும்? நாலு பழைய பிரேமை வெட்டி ஒன்று செய்யப் பழகியவர்கள் அந்தக் காலத்துப் பெரியவர்கள். நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற வானொலிக்கும் அதில் பங்கு உண்டு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம், ரேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். அதனால் இடையில் டயோட் போட வேண்டும் என்பது அப்போது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். சுற்றுகிறவர் களைத்தால் வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும்.

2009க்குப் பிறகு மீளக் குடியேறியபோது முதலில் கைக்கு வந்த வாகனமும் சைக்கிள்தான். சிலருக்கு உதவியாகப் புதுச் சைக்கிள் கிடைத்தது. துருப்பிடித்துக் கிடந்தவற்றிலிருந்து தேடி எடுத்துத் திருத்தியவர்களும் உண்டு. என் குழாய்களில் பல அப்படி வந்தவைதான்.

உடம்புக்கும் தொழிலுக்கும் ஏற்ற பிரேம் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். லேடீஸ் சைக்கிளை எடுங்கள். சட்டையோடோ சேலையோடோ ஏற வசதியாகப் பாரைக் கீழே இறக்கியிருக்கும். இறக்கியவுடன் முன்கூட்டின் பலம் பாதி போகிறது, பாரம் முழுவதும் சீற் குழாயின் நடுவில் வந்து குத்துகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது போதும். ஆனால் வன்னியில் எத்தனையோ குடும்பங்களைப் பெண்கள்தான் தனியாக நடத்துகிறார்கள். அதே லேடீஸ் சைக்கிளில் 50 கிலோ கோழித்தீனோ நெல்லோ கட்டிக்கொண்டு குளக்கட்டால் வருகிறார்கள். சீற் குழாய் நடுவில் முறிந்து கடைக்கு வரும். ஒட்டிக் கொடுத்தால் அடுத்த போகத்துக்குள் திரும்பவும் வரும். இப்போது நான் ஒட்டுவதோடு நிற்பதில்லை. கழுத்துக் குழாயிலிருந்து சீற் குழாயின் இரு பக்கமும் தொட்டுக்கொண்டு பின்னச்சு வரைக்கும் போகிற இரண்டு மெல்லிய குழாய்களைச் சேர்க்கிறேன். பிரான்சுக்காரர் நெடுநாளாகச் செய்கிற முறைதான் இது. ஏறுகிற வசதியும் போகாது, பாரமும் நேரே பின்னச்சுக்கு இறங்கிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் பஞ்சருக்கு வரும், முறிவுக்கு வராது. எனக்கு ஒரு வாடிக்கை குறைந்துவிட்டது என்று வீட்டுக்காரி சிரிப்பாள்.

இன்னொருவர். வலது கால் தொடைக்குக் கீழே இல்லை. செயற்கைக் கால் போட்டிருக்கிறார், அதனால் மிதிக்க வராது. அவருக்குச் சைக்கிள் வேண்டும், கையால் சுற்றுகிற முச்சக்கர வண்டி வேண்டாம். “வயலுக்குள்ளாலை போக வேணும் தம்பி, அது வரம்பிலை ஏறாது” என்றார். சரி என்று யோசித்தோம். வலது பெடலைக் கழற்றலாம், ஆனால் பெடல் பூட்டுகிற தண்டை, கிராங்கை, கழற்ற முடியாது, பல்லுச்சில்லு அதோடுதான் இருக்கிறது. ஒற்றைக் காலால் மிதிக்கும்போது கீழே போன பெடலை மேலே கொண்டுவர மறுகால் இல்லை. ஆகவே இடது பெடலில் பாதத்தைப் பிடிக்கிற வார் வேண்டும், அழுத்தவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும். பெரிய சிக்கல் நிற்கும்போதுதான். இடது பாதம் முழுதாக நிலத்தில் பதியாவிட்டால் வலப்பக்கம் சரிந்து விழுவார். சீற்றைப் பதித்தால் பாதம் பதியும், ஆனால் முழங்கால் நெஞ்சுக்கு வந்து மிதிக்க முடியாமல் போகும். கடைசியில் பெடல் அச்சை முன்னுக்குத் தள்ளி, சீற் குழாயைப் பின்னுக்குச் சரித்து, பிரேமை நீட்டினோம். சீற் பதிவு, கால் நீட்டு, இரண்டும் கிடைத்தது. செயினுக்கு ஒரு துண்டு கூட்ட வேண்டி வந்தது. செயற்கைக் கால் ஆறுதலாக இருக்கக் கீழ்க்குழாயில் ஒரு தட்டும் ஒட்டினோம்.

அதற்கு அவரிடம் என்ன காசு கேட்பது? ஒட்டுக் கணக்குப் பார்த்தால் ஒரு கேற் ஒட்டுகிற காசு. அளந்ததற்கும், சுண்ணக்கட்டியால் சீமெந்து நிலத்தில் ஆளின் அளவுக்குக் கீறிப் பார்த்ததற்கும், ராவினதற்கும் நம் ஊரில் விலை இல்லை. இதைத்தான் மற்ற அரைவாசி என்றேன். அங்கேயுள்ளவர் அளவெடுக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார். நாங்கள் நெருப்புப் பிடிக்கிற பத்து நிமிடத்துக்கு மட்டும் வாங்குகிறோம். அதனால் எங்களில் நல்ல கைகாரரெல்லாம் கேற், ஜன்னல் கிறில், தண்ணீர்த் தாங்கி ஸ்டாண்ட் என்று போய்விட்டார்கள். அதைப் பிழை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

நான் இப்போது அளவுக்காசு என்று தனியாக வாங்குகிறேன். சிறிய தொகைதான். ஆளை அளந்து கொப்பியில் எழுதி, பிரதியை அவர் கையில் கொடுப்பேன். பிரேம் செய்யாமல் போனாலும் அந்தக் காசு திரும்பாது. முதலில் கனபேர் முகம் சுளித்தார்கள். “அளக்கிறதுக்கும் காசோ?” தையற்கடையில் சட்டை தைத்த பிறகு காசு கொடுக்கிறோம், இங்கே தைக்க முதலே கேட்கிறானே என்று. ஆனால் அளவுக்காசு கொடுத்துப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள். மிச்சக் காசு காலபோக அறுவடைக்குத்தான் வரும், அது வன்னி வழக்கம். கடன் கொப்பி தடித்த கொப்பி. சில வருடம் நெல்லாகவும் வரும், வாங்கி வைப்பேன்.

2022 இல் பெற்றோலுக்கு வரிசை நின்ற மாதங்களில் மட்டும் எங்கள் தொழில் தலைகீழானது. மோட்டார் சைக்கிள்காரரெல்லாம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புதுச் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அப்போது ஒருவரும் ஒட்டு எவ்வளவு என்று கேட்கவில்லை, எப்போது தருவீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். பெற்றோல் வந்தது, பழைய கேள்வியும் வந்தது.

அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் மற்ற இடங்களிலும் ஒட்டுவேலை படித்துவிட்டு வருகிற பெடியளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கை எங்களை விடச் சுத்தம், அதில் சந்தேகமில்லை. வெளிநாடு போகிறீர்கள் என்றால் போங்கள். போக முதல் ஒரு மழைக்காலம் வந்து அரம் பிடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் கடையில் வேலை குறைவு, சொல்லித்தர நேரம் இருக்கும்.

மற்றது மீன் வியாபாரிகளுக்கு. முல்லைத்தீவுப் பக்கமிருந்து பெட்டி கட்டி வருகிறவர்களின் பிரேம்தான் எனக்கு அதிகம் வருகிறது. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் வடிந்து, பெடல் அச்சுப் பக்கம் குழாய் உள்ளுக்குள்ளிருந்து அரித்துவிடும். வெளியே பெயின்ற் பளபளக்கும், உள்ளே கடதாசி. பெட்டிக்குக் கீழே தகரம் ஒன்று வளைத்துத் தண்ணீரை ஒரு பக்கமாக இறக்கி விடுங்கள். பிரேமின் அடியில் ஒரு சின்னத் துளை போட்டுத் தாறேன், அதற்குக் காசு இல்லை. கடைக்கு வரும்போது மட்டும் பெட்டியைக் கழற்றி, சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டு வாருங்கள். உப்பும் செதிலும் ஒட்டிய இரும்பில் பித்தளை ஓடாது, சூடு காட்டினால் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் வேறு சண்டைக்கு வருகிறார்.

வணக்கம்.