கவுண்டரில் ஓரமாக நிற்க வைத்தால் நகராதீர்கள்

[திரையில்: பரனூர் டோல்கேட், விடியற்காலை]

எங்கள் சித்தப்பாவுக்குச் சென்னையிலிருந்து காலை 6.15-க்கு ஃப்ளைட். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து இரவு ஒரு மணிக்கே கார் எடுத்து, 4.20-க்கெல்லாம் விமான நிலையம் போய்விட்டார். கவுண்டரில், "சிஸ்டத்தில் சீட் காட்டவில்லை சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார்கள். நின்றார். ஒரு மணி நேரம் போன பிறகு வந்த பதில்: "கவுண்டர் மூடியாச்சு, நீங்க லேட்."

கன்ஃபர்ம் டிக்கெட் வைத்திருந்த மனிதரை, தாமதமாக வந்தவர் என்று எழுதிவிட்டார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இருக்கிற சீட்டை விட அதிகமாக டிக்கெட் விற்றிருந்தால், விட்டுக்கொடுக்க யாராவது தயாரா என்று விமான நிறுவனம் முதலில் கேட்க வேண்டும். இது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி. நேரத்துக்கு வந்தவரை அவர் விருப்பத்தை மீறி நிறுத்தினால், அவருடைய விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் தர வேண்டும். அது முடியாமல் 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து அதைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு, 10,000 ரூபாய் வரை. அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 வரை. மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வரும், கூடவே அந்த நான்கு மடங்கும்.

[திரையில்: அடிப்படைக் கட்டணம் 3,000 + எரிபொருள் கட்டணம் 500 = 3,500. இரண்டு மடங்கு 7,000]

சரி, நேரத்துக்கு வந்ததை எப்படிக் காட்டுவது? சித்தப்பா போனில் இருந்தது பரனூரில் ஃபாஸ்டேக் பணம் எடுத்த மெசேஜ், 3.40. பையில் பார்க்கிங் சீட்டு, 4.20. நீங்கள் வரிசையில் நிற்கும்போதே கவுண்டர் போர்டை நேரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். ஏற்ற மறுத்த காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்றால், அங்கே நின்றபடியே அவர்களுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்குப் புகார். பதில் சரியில்லையா, விமானப் பயணிகள் புகாருக்கான அரசு இணையதளம் ஏர்சேவா. அங்கும் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். அதற்காகச் சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கடலூர்க்காரருக்குக் கடலூர், புதுச்சேரிக்காரருக்குப் புதுச்சேரி. 2 வருடத்துக்குள் போட வேண்டும். டிக்கெட் தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை.

சித்தப்பா மனுவின் முதல் இணைப்பே அந்தப் பார்க்கிங் சீட்டுதான். இப்போது அதில் எழுத்து பாதிக்கு மேல் மங்கிவிட்டது. அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்ததால் 4.20 பளிச்சென்று தெரிகிறது.