அறுகம்பேக்கு பைப் தண்ணி மட்டும் போதுமா?

(திரையில: கிணத்துக்குள்ள இறங்குற வாளி)

இந்தக் கிணத்துத் தண்ணில ஊத்தின தேத்தண்ணி சித்திரைல நல்லா இருக்கும், ஆவணி வந்தா நாக்குல உப்பு ஒட்டும். கிணறும் அதேதான் வாளியும் அதேதான், அப்ப இடையில என்ன நடந்திச்சி?

(திரையில: வெட்டின சோடாப் போத்தல், உள்ள மணல்)

அடியில உப்புத் தண்ணி, தெரியிறதுக்கு நீலக் கலர் போட்டிருக்கன், மேல மெதுவா நல்ல தண்ணி ஊத்தியிருக்கன். பாருங்க, பெருசாக் கலக்கல்ல, நல்ல தண்ணி பாரம் குறைவு, அதால மேல மிதக்குது. பொத்துவில், அறுகம்பே, அங்கால பாசிக்குடா, எங்கட கடற்கரை மணலுக்குக் கீழயும் இதேதான். கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி நிண்டா கீழ 40 அடிக்கு இருக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மேல 1 அடி இறங்கினா கீழ இருந்து உப்பு 40 அடி ஏறும். இப்ப ஸ்ட்ரோவ வெச்சி வேகமா உறிஞ்சுறன்... நீலம் கூம்பு மாதிரி மேல வருதா? மோட்டர் செய்யிற வேலயும் இதான். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறு கழுவுறம் எண்டு அளவுக்கு மிஞ்சி இறைச்ச இடங்கள்லயும் இதுதான் பிரச்சின.

எங்கட கெட்ட காலம், மழை ஐப்பசில இருந்து தை வரைக்கும், சேர்ஃபிங் சீசன் ஏப்ரல்ல இருந்து ஒக்டோபர் வரைக்கும். மணலுக்குள்ள தண்ணி குறைஞ்சிட்டுப் போற நேரம் பாத்துத்தான் ரூம் எல்லாம் ஃபுல், கடலால வந்தொரு குளிப்பு, படுக்க முதல் இன்னொரு குளிப்பு.

பைப் தண்ணி குடுத்தா முடிஞ்சிதானே எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வாற மாதிரி. ஆனா வீட்டுக்குள்ள வாற தண்ணில ஏறக்குறைய 80 வீதம் கழிவாத் திரும்பி வெளிய போகும். எங்க? கக்கூஸ் குழிக்கு. குழிக்குக் கீழ அதே மணல். மணல் கிருமிய ஓரளவு பிடிக்கும், ஆனா கழிவுல இருந்து வந்து தண்ணில கரைஞ்சி போற நைத்திரேட்டப் பிடிக்காது. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்ற எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம், அதுக்கு மேல போனா அந்தத் தண்ணில பால்மா கரைச்சிக் குடுக்கிற குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வெச்சாப் போயிரும் எண்டு எங்கட உம்மா மாதிரி நம்பாதீங்க, தண்ணி வத்த வத்த நைத்திரேட் கூடத்தான் செய்யும்.

சரி, கழிவுத் தண்ணிக்குப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒண்டு கட்டுவமே? அழுக்கத் திங்கிறது பக்டீரியா, அதுக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு வேணும், மார்கழில ஹோட்டலெல்லாம் பூட்டிக் கிடக்கக்குள்ள அது பட்டினி. அதால ஒரே பெருசாக் கட்டாம சின்னச் சின்னதா ரெண்டு மூணு கட்டி, சீசன் இல்லாத நேரம் ஒண்ட மட்டும் ஓட்டுறதுதான் புத்தி. ஹோட்டல் குசினிக்கு எண்ணெய் பிடிக்கிற தொட்டி கட்டாயம், இல்லாட்டி கொத்து போடுற எண்ணெயே குழாய அடைச்சிரும். செப்டிக் டாங்க் இருக்கிற இடத்துல மண்டி அதுக்குள்ளயே தங்கட்டும், தெளிஞ்ச தண்ணிய மட்டும் சின்னக் குழாயால கொண்டு போகலாம், மண்டிய பவுசர் வந்து எடுத்து அதே நிலையத்துக்குக் கொண்டு போகணும், வழியில காட்டுக்குள்ள ஊத்திட்டுப் போறதில்ல.

ரோட்டத் தோண்டுறதெண்டா ரெண்டுக்கும் சேத்துத் தோண்டுங்க, கழிவுக் குழாய் கீழ, தண்ணிக் குழாய் மேல, இடையில தூரம் விட்டு.

(திரையில: அளவு நாடா, கிணத்துல இருந்து குழி வரைக்கும்)

கிணத்துக்கும் குழிக்கும் இடையில பொதுவா 50 அடி விடச் சொல்றாங்க. எங்கட வளவுல அளந்து பாத்தன், 31.