ஒரே நாவல், ஐந்து தீர்ப்பு: அம்பாசமுத்திரம் அண்ணாச்சியின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அண்ணாச்சி அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "எங்கள் வாசகர் வட்டத்தில் ஐந்து பேர் 'தி சைலண்ட் பேஷண்ட்' படித்தோம். ஒருவர் விடிய விடிய உட்கார்ந்து முடித்ததாகச் சொல்கிறார். இன்னொருவருக்குக் கடைசி அத்தியாயங்களைப் படித்ததும் புத்தகத்தைச் சுவரில் வீசலாம் போலிருந்ததாம். ஒருவர் நூறாவது பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது என்று மார்தட்டுகிறார். செவிலியராக இருக்கும் தங்கச்சி ஒருவர் பாதியிலேயே மூடி வைத்துவிட்டார். புத்தகம் ஒன்றுதானே, எப்படி இத்தனை தீர்ப்பு?"

ஐந்து பேர் என்றீர்கள், நான்கு பேருக்குத்தான் கணக்கு வருகிறது. ஐந்தாவது ஆள் நீங்கள். உங்கள் கருத்தை மட்டும் நைசாக விழுங்கிவிட்டீர்கள் அண்ணாச்சி! இந்த வகை நாவலில் கதை சொல்பவர் செய்கிற வேலையும் இதுதான்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. அலெக்ஸ் மைக்கேலிடிஸ் எழுதி 2019இல் வந்த நாவல் இது. லண்டனில் ஓவியர் ஒருவர் தன் கணவனின் முகத்தில் ஐந்து முறை சுடுகிறார்; அதற்குப் பிறகு வாய் திறப்பதே இல்லை. அவரைப் பேச வைக்க வரும் மனநலச் சிகிச்சையாளர்தான் நமக்குக் கதை சொல்கிறார். முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்படாமல் கேளுங்கள்.

சுவரில் வீச நினைத்தவரின் கோபம் புதிதல்ல, அதற்கு ஏறத்தாழ நூறு வயது. 1926இல் அகதா கிறிஸ்டி எழுதிய 'ரோஜர் அக்ராய்டு கொலை'யில் கதை சொல்லும் மருத்துவரே கொலையாளி. (இத்தனை காலம் கழித்துச் சொன்னால் பாவமில்லை.) அப்போதும் சிலர் கைதட்டினார்கள், சிலர் மோசடி என்றார்கள். அந்த மருத்துவர் என்ன சொல்கிறார், கவனியுங்கள். எட்டு நாற்பதுக்குக் கடிதங்கள் வந்தன, எட்டு ஐம்பதுக்கு நான் கிளம்பினேன், கதவுக் குமிழில் கை வைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதும் உண்டா என்று திரும்பிப் பார்த்தேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நடுவில் உள்ள பத்து நிமிடத்தைப் பற்றித்தான் மூச்சு விடவில்லை. 1929இல் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். துப்பறிபவரின் தோழராக வந்து கதை சொல்பவர் தன் மனத்தில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. உங்கள் நண்பர் நாக்ஸ் கட்சி. மருத்துவர் சொன்னால் அப்படியே நம்புகிறவர். விடிய விடியப் படித்தவரோ, கூண்டில் நிற்கும் சாட்சி பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார். சாட்சி பிறழ்ந்தால் அவருக்குக் கொண்டாட்டம்தான்.

நூறாவது பக்கத்துக்காரரை நான் முழுதாக நம்பவில்லை. நான்கைந்து பேரைச் சந்தேகித்திருப்பார், அதில் ஒன்று பலித்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வாசகர் அந்தச் செவிலியர்தான். நோயாளியின் உறவினர் வீடுகளுக்கெல்லாம் ஒரு சிகிச்சையாளர் தானாகக் கிளம்பிப் போய் விசாரிப்பாரா? மாட்டார். அங்கேதான் அவர் வெறுத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் மைக்கேலிடிஸ் மனநலப் பிரிவு ஒன்றில் வேலை பார்த்தவர். விதி தெரியாமல் எழுதியிருப்பார் என்று தோன்றவில்லை. தங்கச்சியிடம் மீதியையும் படிக்கச் சொல்லுங்கள். பிழை என்று அவர் மூடி வைத்த இடம், முடித்த பிறகு வேறாகத் தெரியலாம்.

புதுமைப்பித்தன் நம் திருநெல்வேலிக்காரர். அவருடைய 'காஞ்சனை'யைச் சொல்கிறவனும் தூக்கம் வராமல் தவிக்கும் ஓர் எழுத்தாளன்தான். வந்தது பேயா, பிரமையா என்று கடைசிவரை கைகாட்டுவதில்லை. அதைப் படித்துவிட்டு ஏமாந்தேன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. விடை தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவே இல்லையே! சைலண்ட் பேஷண்டு முதல் பக்கத்திலிருந்தே விடை தருவதாக வாக்குக் கொடுக்கிறது. அதனால்தான் இத்தனை சண்டை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை படித்தபோது ஜங்ஷனில் இறங்க வேண்டியவன் பஸ்ஸிலேயே புதிய பேருந்து நிலையம் வரை போய்விட்டேன். இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். முடிவில் குற்றம் காண முடியவில்லை, பழைய வரிகளெல்லாம் அப்படியே நிற்கின்றன. ஆனால் சுற்றியுள்ள மனிதர்கள் பலர் சந்தேகப்படுவதற்கென்றே நிறுத்திவைத்த பொம்மைகளாகத் தெரிந்தார்கள். என் மனக்குறை அங்கேதான்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாவில் முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுகிறார்கள். மாடுகளை மீட்கப் போன பட்டன் சாகத்தான் போகிறான் என்பது கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காரையாற்றில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவன் அவன்தான். இருந்தும் அந்தக் கட்டம் வரும்போது ஆச்சிமார் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். பட்டன் அவர்களுக்கு வேண்டப்பட்ட பிள்ளை. இந்த நாவலில் அப்படி ஒருவர்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி, அந்த ஐந்தாவது தீர்ப்பை மறக்காமல் எழுதி அனுப்புங்கள். அடுத்தது தென்காசியிலிருந்து வந்த கேள்வி.