சுருதி விலகாத குதிரை

நேயர்களுக்கு வணக்கம்.

வீணையின் குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு உறுப்பைக் குதிரை என்கிறோம். தந்தியின் அதிர்வு எந்த இடத்தில் முடிகிறது என்பதை வரையறுப்பதும், அந்த அதிர்வை மரத்துக்குள் இறக்குவதும் அதன் வேலை. கிட்டாரிலும் இதே வேலைக்கு ஓர் உறுப்பு உண்டு. வாசிப்பவர்கள் அதை பிரிட்ஜ் என்பார்கள். நமக்குப் பழகிய பெயர் இருக்கும்போது அதை விடுவானேன் என்று எண்ணி, இந்த உரையில் குதிரை என்றே சொல்கிறேன். மின்கிட்டாரின் குதிரையில் யாராவது புதிதாகக் கைவைத்தால், வாசிப்பவர்களிடையே ஒரு சிறு உள்நாட்டுப் போரே மூண்டுவிடும். அப்படி மூண்ட ஒரு சர்ச்சையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

காஸ்மாஸ் லைல்ஸ் என்ற அமெரிக்கரின் எண்ணத்தில் உருவாகி, 2010-களின் தொடக்கத்தில் கிட்டார் வாசிப்பவர்களின் கைக்கு வந்த எவர்டியூன் என்னும் குதிரைதான் அந்தச் சர்ச்சைக்குக் காரணம். இதைப் பொருத்திய கிட்டாரில் ஒருமுறை சுருதி சேர்த்துவிட்டால், எவ்வளவு ஓங்கி மீட்டினாலும், மேடை விளக்குகளின் வெப்பத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் அந்தச் சுருதி விலகாது. கேட்பவருக்கு இது வரமாகத் தோன்றும். வாசிப்பவர்களில் ஒரு பகுதியினர் இதைச் சாபம் என்றார்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால், முதலில் அதன் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பள்ளி ஆய்வகத்தில் சுரமானியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீண்ட பெட்டியின் மேல் ஒரு கம்பி. அதன் ஒரு முனை கட்டப்பட்டிருக்கும், மறுமுனை கப்பியின் மேல் சென்று எடைகளைத் தாங்கித் தொங்கும். கம்பி வெப்பத்தில் சற்று நீண்டாலும், எடை சற்றுக் கீழே இறங்குமே தவிர, கம்பியின் இழுவிசை மாறாது. இழுவிசை மாறாததால் சுருதியும் மாறாது. சாதாரணக் கிட்டாரில் நிலைமை வேறு. அங்கே தந்தியின் ஒரு முனை பிரடையில், அதாவது சுருதி சேர்க்கத் திருகும் ஆணியில், சுற்றப்பட்டிருக்கிறது, மறுமுனை குதிரையில் மாட்டப்பட்டிருக்கிறது, இரண்டும் அசையாதவை. ஆகவே தந்தி மயிரிழை நீண்டாலும், பிரடை மயிரிழை நழுவினாலும், அந்த இழப்பு முழுவதும் இழுவிசையிலிருந்தே கழிகிறது. இழுவிசை நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் அதிர்வெண் நூற்றில் அரைப் பங்கு குறையும். அரைச் சுரத்தை நூறு கூறாக்கி ஒவ்வொரு கூறையும் சென்ட் என்று சொல்வது இசைக் கணக்கின் வழக்கம். அந்தக் கணக்கில் இந்த இறக்கம் ஏறத்தாழ ஒன்பது சென்ட். பயிற்சியுள்ள காது அதைப் பொறுத்துக்கொள்ளாது.

எவர்டியூன் செய்வது, சுரமானியின் எடைகளைக் கிட்டாரின் உடலுக்குள் கொண்டுவருவது. தொங்கும் எடைக்குப் பதிலாக ஒவ்வொரு தந்திக்கும் தனியாக ஒரு சுருள்வில்லும் ஒரு நெம்புகோலும் இருக்கின்றன. வில்லுக்கு ஒரு குணம் உண்டு: நீள நீள அதன் விசை கூடும். அந்த மாற்றத்தை ஈடுகட்டும் வகையில் நெம்புகோலின் கோணம் அமைந்திருப்பதால், குறிப்பிட்ட ஓர் எல்லைக்குள் தந்தியின் மேல் விழும் இழுப்பு ஒரே அளவாக நிற்கிறது. தந்தி தளர்ந்தால் நெம்புகோல் பின்னே சாய்ந்து தளர்வை வாங்கிக்கொள்கிறது. இறுகினால் முன்னே வந்து விட்டுக்கொடுக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எல்லைக்குள் இருக்கும்வரை பிரடையைத் திருகினாலும் சுருதி மாறாது. முதல்முறை பார்ப்பவர்கள் பிரடையைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு ஏதோ பழுது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதை முதலில் கொண்டாடியவர்கள் கனமான மெட்டல் இசைக்காரர்களும், அவர்களின் ஒலிப்பதிவாளர்களும். இந்த வகை இசையில் தந்திகளை வழக்கத்தைவிடப் பல சுரம் இறக்கிக் கட்டுகிறார்கள். தளர்ந்த தடித்த தந்தியை வலுவாக அடிக்கும்போது, அடி விழுந்த கணத்தில் அதன் சுருதி மேலே எகிறிப் பிறகு இறங்கி அமர்கிறது. ஒரே பகுதியை இரண்டு முறையோ நான்கு முறையோ வாசித்து, இடமும் வலமுமாக அடுக்கிப் பதிவு செய்வதும் அவர்களின் வழக்கம். ஒவ்வோர் அடுக்கிலும் அந்த எகிறல் வெவ்வேறு அளவில் இருந்தால், அடுக்குகள் ஒன்றோடொன்று உரசி ஒலி கலங்கிப்போகும். எவர்டியூன் அந்த எகிறலை விழுங்கிவிடுகிறது. இரண்டு வரிக்கு ஒருமுறை நிறுத்திச் சுருதி பார்க்கும் வேலை மிச்சமாவதைப் பதிவுக்கூடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களே அறிவார்கள். கிட்டார் செய்யும் ஈஎஸ்பி நிறுவனம் தன் எல்டிடி வரிசைக் கிட்டார்களில் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தி விற்கத் தொடங்கியதற்கும் இந்தக் கூட்டத்தின் வரவேற்பே காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பு வந்தது வேறு திசையிலிருந்து. நண்பர் ஒருவரின் கிட்டாரை வாங்கி, மூன்றாம் தந்தியை ஏழாம் மெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த ஏழாவது உலோகக் கட்டில், அழுத்தி, ஒரு முழுச் சுரம் மேலே போகும்படி பக்கவாட்டில் தள்ளினேன். விரல் தள்ளியது, தந்தி வளைந்தது, ஒலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று எண்ணிக் காலை வைக்க, அங்கே படி இல்லாமல் போனால் உடம்பு ஒரு கணம் திடுக்கிடுமே, அந்த உணர்வு. குதிரையைப் பொறுத்தவரை என் விரல் தந்த இழுப்பும், வெப்பத்தால் வந்த தளர்வும் ஒன்றுதான். இரண்டையும் பிழை என்றே எடுத்துக்கொண்டு திருத்திவிட்டது.

ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை வாசிப்பவர்களுக்கு இந்த வளைவுதான் பேச்சு. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்கிப்போவதும், போய்ச் சேர்ந்த சுரத்தில் விரலை நடுக்கி நிற்பதும் அவர்களின் குரல். வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து மேலே உள்ள சுரங்களை வருவிப்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழுத்தும் கமகம் பேசாத வீணையை யார் மடியில் வைத்துக்கொள்வார்கள்?

இதைத் தவிர வேறு குறைகளும் சொல்லப்பட்டன. வில்லும் நெம்புகோலும் இருக்க இடம் வேண்டும் என்பதால், கிட்டாரின் உடலில் பெரிய பள்ளம் குடைய வேண்டும். குடைந்த மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது. உலோகம் சேர்வதால் எடை கூடுகிறது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே தடித்த தந்தியை ஒரு சுரம் இறக்கும் பழக்கமுள்ளவர், பிரடையை ஒரு திருகு திருகி முடித்துவிட இயலாது; குதிரையில் அறுகோணச் சாவியை விட்டுத் திருக வேண்டும், அல்லது இரண்டாவது கிட்டார் ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒலியின் ஆழம் குறைந்துவிட்டது என்றும் சிலர் சொன்னார்கள். என் காதுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குறையைச் சொன்னவர்களில் பலர், விரல் இழந்த ஒன்றைக் காதின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பது என் ஐயம்.

கிட்டார்காரர்கள் புதியதை என்றைக்குமே வெறுப்பவர்கள், அதனால்தான் இந்தக் கூச்சல் என்று சொல்வாரும் உண்டு. இந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. 1954-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்கிட்டாரை வெளியிட்டபோது, அதில் ஒரு கம்பியைப் பிடித்து அசைத்தால் குதிரையே ஆடி எல்லாத் தந்திகளின் சுருதியும் ஏறி இறங்கும் ஏற்பாடு இருந்தது. அதற்கு டிரெமலோ என்று பெயர் வைத்தார்கள். டிரெமலோ என்பது ஒலியளவின் நடுக்கம், சுருதியின் நடுக்கத்துக்கு வைப்ரேட்டோ என்று பெயர், ஆனால் தவறான அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கம்பியை அளவுக்கு மீறி அசைத்தால் தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்பாது என்ற குறையைப் பொறுத்துக்கொண்டே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போன்ற ராக் கிட்டார் கலைஞர்கள் அதைப் பேசவைத்தார்கள். மற்றொரு கிட்டார் கலைஞரான எரிக் கிளாப்டனோ அந்த வசதியே வேண்டாம் என்று, குதிரை அசையாதபடி பின்புறப் பள்ளத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்துக்கொண்டார்.

ஃப்ளாய்ட் ரோஸ் என்பவர் 1970-களின் பிற்பகுதியில் அந்தக் குறையைத் தீர்த்தார். தந்தியை இரு முனைகளிலும் இடுக்கிபோல் இறுக்கிப் பூட்டிவிடுவது அவர் வழி. 1979-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதனால் வந்த தொல்லைகள் கொஞ்சமல்ல. தந்தி மாற்ற வேண்டுமானால் அதன் முனையிலுள்ள குமிழை வெட்டி எறிய வேண்டும். பூட்டிய பின் பிரடைகள் பயனற்றுப்போகும். சுருதி சற்றே விலகினாலும் பூட்டைத் திறந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்ததால்தான், பிற்பாடு குதிரையிலேயே நுண்சுருதித் திருகுகளைச் சேர்த்தார்கள். ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் மேலே ஏறிப் பாட்டையே கெடுத்துவிடும். இயந்திரத்தைக் கொண்டுவந்து கிட்டாரில் வைத்துவிட்டார்கள் என்ற முனகல் அப்போதும் இருந்தது. ஆயினும் ராக் கிட்டார் கலைஞரான எடி வான் ஹேலன் அதை எடுத்துக்கொண்டார். 1980-களில் ராக் கிட்டார் என்றாலே அந்தக் குதிரை என்றாகிவிட்டது.

இத்தனை தொல்லையைப் பொறுத்துக்கொண்டவர்கள், அவ்வளவு தொல்லை தராத எவர்டியூனை ஏன் ஐயத்தோடு பார்த்தார்கள்? ஃப்ளாய்ட் ரோஸ் கைக்கு ஒரு புதிய அசைவைக் கொடுத்தார். தந்திகள் முழுவதும் தளர்ந்து தொங்கும்வரை சுருதியைப் பாதாளத்துக்கு இறக்கி, மறுகணமே பழைய இடத்துக்கு மேலே கொண்டுவருவது அதற்குமுன் நம்பிச் செய்யக்கூடிய காரியமாக இருக்கவில்லை. எவர்டியூன் கைக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. ஒரு பிழையை நீக்கிக் காதுக்கு மட்டும் கொடுத்தது, அந்தப் பிழையோடு சேர்த்துக் கையிலிருந்த ஓர் அசைவையும் எடுத்துக்கொண்டது. எந்தக் கலைஞரும் தன் கையில் உள்ளதை அவ்வளவு எளிதில் கொடுத்துவிட மாட்டார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வடிவமைத்தவர்கள் இந்தக் குறையை அறியாதவர்கள் அல்லர். நெம்புகோல் தன் எல்லையின் விளிம்பைத் தொடும்வரை பிரடையை முறுக்கினால், அதற்குமேல் அது விட்டுக்கொடுக்க இடமில்லாமல் நின்றுவிடும். அந்த விளிம்பில் வைத்த தந்தி, தள்ளினால் மற்றக் கிட்டார்களைப் போலவே மேலே போகும். ஒவ்வொரு தந்திக்கும் இதைத் தனித்தனியாக அமைத்துக்கொள்ளலாம். ஆகவே தடித்த மூன்று தந்திகளை அசையாத நிலையிலும், மெல்லிய மூன்றை விளிம்பிலும் வைத்து வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். நண்பரும் அன்று என் திகைப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மூன்றாம் தந்தியின் பிரடையைச் சற்று முறுக்கித் திருப்பித் தந்தார். இம்முறை தள்ளியபோது சுரம் ஏறியது.

பிறகு இரண்டாம் தந்தியை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் தந்தியை மட்டும் வளைத்துப் பார்த்தேன். கண்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் அடிக்கடி வரும் அசைவு இது. ஃப்ளாய்ட் ரோஸ் குதிரையில் இதைச் செய்தால், ஒரு தந்தியின் கூடுதல் இழுப்பில் குதிரை முழுவதும் முன்னே சாய்ந்து, பிடித்திருக்கும் மற்றத் தந்தியின் சுருதி கீழே இறங்கிவிடும். விரல் அதை ஈடுகட்டப் பழக வேண்டும். இங்கே பிடித்த சுரம் பிடித்தபடி நிற்க, அதன் அருகே மற்றொன்று ஏறிவந்து சேர்ந்தது. அதையே நாலைந்து முறை வாசித்துவிட்டுத்தான் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தேன்.

வணக்கம்.